பெட்டியை வெட்டிய படம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் குழித்துறையில் ஸ்டெனியின் பிளக்ஸ் கடையைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெரிய மெஷின் இப்போது அங்கே இல்லை. பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். நடந்தது இதுதான். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. ஆராதனை முடிந்து, கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே படுத்துக் கிடந்த நேரம்.

ஸ்டெனிக்குத் தொழில் பிளக்ஸ் அடிப்பது. கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாம் அடிப்பான். ஆனால் கடைக்குச் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலி போர்டுதான். செத்தவரின் படம் எப்படி இருந்தாலும் சரி, நரையை எடுத்து, கோட்டு மாட்டி மாப்பிள்ளை ஆக்கிவிடுவான். கண் மூடிய படமா? கவலையே வேண்டாம், திறந்து தருவான். "எனக்க மோன் பாக்கியது போலயே இருக்கு" என்று பெற்ற தாயே சொல்லி அழுவாள்.

தொழில் அது. ஆசை வேறு. பழைய படங்கள் என்றால் அவனுக்கு உயிர். மகாராஜா காலத்துச் சந்தை, படகு, பள்ளிக்கூடம், மனிதர்கள்... வீடு வீடாகப் போய், பெட்டிக்கடியில் கிடப்பதை எல்லாம் பிரதி எடுத்து வந்து பேஸ்புக்கில் போடுவான். அதற்கென்றே 'அன்றைய குமரி' என்று ஒரு பக்கம் வைத்திருந்தான். நல்ல பக்கம்தான். பார்க்கத்தான் ஆளில்லை.

ஆள் எல்லாம் ஸ்ரீஜித்தின் பக்கத்தில் இருந்தது. ஸ்ரீஜித் தக்கலைக்காரன். அவனுக்கும் இதே பைத்தியம். அவன் குளச்சல் கடற்கரையின் பழைய படம் ஒன்றைப் போட்டால் போதும், துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் லைக்காகக் கொட்டும். ஸ்டெனிக்கு வயிறு எரியும். எரிந்தாலும் விடமாட்டான். காலையில் பல் தேய்க்கும் முன்பே அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பான்.

"நீங்க கெட்டினது என்னையா, அந்த ஸ்ரீஜித்தையா?" என்பாள் அவன் மனைவி ஷைஜா.

ஸ்ரீஜித் இவனை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. எங்கே பார்த்தாலும் "என்ன பிளக்ஸே, சொகமா?" என்பதோடு சரி. உன் வேலை நன்றாக இருக்கிறது என்று அவன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் ஸ்டெனி உருகிப்போயிருப்பான். வந்ததே இல்லை.

அப்படி இருக்கையில்தான் நாகர்கோவிலில் பழம்படக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. உள்ளே எத்தனையோ படங்கள் இருக்கும். வாசலில் மட்டும் ஒரே ஒரு படம், ஆளுயரத்துக்கு. அந்த வாசல் தனக்கு வேண்டும் என்று ஸ்டெனி முடிவு கட்டினான். ஸ்ரீஜித் தன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை.

தேடி அலைந்தவனுக்கு, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்த சத்தியபாய் மாமி வீட்டில் அது கிடைத்தது. 1931-இல் எடுத்த படம். கறை இல்லை, கீறல் இல்லை. ஓலைப்பந்தலுக்குக் கீழே ஒரு குடும்பமே நிற்கிறது. நடுவில் மீசை முறுக்கிய ஞானதாசன். அவர் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், கண்ணை எடுக்க முடியாத அழகு. எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒரு சவப்பெட்டி. பெட்டிக்குள் இன்னொரு பெண், மூக்கில் பஞ்சு வைத்து.

அந்தக் காலத்து வேதக்கார வீடுகளில் இது வழக்கம்தான். அடக்கத்துக்கு எடுக்கும் முன் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள்.

மாமி விரல் வைத்துக் காட்டினாள். "பெட்டில கெடக்கியது நேசம்மா. இந்த ஞானதாசனுக்க பெண்டாட்டி. பிள்ள எங்க மாமனாரு. பிள்ளைய வச்சிட்டு நிக்கியது நேசம்மைக்க தங்கச்சி, ரூத்து."

"நல்ல படம் மாமி."

"போடுகதுன்னா முழுசா போடணும் மக்கா. பெட்டிய களையப்பிடாது. உயிரோட இருக்கும்போ நேசம்மைக்கு ஒரு படம் எடுத்ததில்ல. அவளுக்கு இருக்கியது இது ஒண்ணுதான்."

"செரி மாமி."

சரி என்று சொன்னவன் கடைக்கு வந்து என்ன செய்தான் தெரியுமா? சவப்பெட்டியை வாசலில் வைக்க எவன் சம்மதிப்பான் என்று நினைத்தான். பெட்டிக்கு மேலே ஒரே வெட்டு. அடக்கப் படம் குடும்பப் படம் ஆகிவிட்டது. 'ஞானதாசனும் துணைவியாரும், குழந்தையுடன், 1931' என்று கீழே எழுதினான். துணைவியார் என்று தட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஸ்ரீஜித்தின் முகத்தை நினைத்துக்கொண்டான். தயக்கம் போய்விட்டது.

பக்கத்தில் போட்டதும் படம் பிய்த்துக்கொண்டு போனது. "ஜோடின்னா இது ஜோடி!" "என்ன ஒரு பொருத்தம்!" "அந்தம்மா கண்ணப் பாத்தியாளா?" ஊர் முழுக்க ரூத்துக்கும் ஞானதாசனுக்கும் கண்ணூறு பட்டது. கண்காட்சிக்காரர்கள் போன் செய்தார்கள். வாசல் ஸ்டெனிக்கு. அன்றைக்கு ஸ்ரீஜித்தின் பக்கத்தை அவன் இரண்டு மடங்கு சந்தோஷமாகத் திறந்து பார்த்தான்.

அப்புறம் ஒரு கமெண்ட் வந்தது. 'குழந்தை குனிஞ்சு எதையோ பாக்குது, க்யூட்.'

குனிந்தா? பிள்ளை நேராகப் பார்த்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். பெரிதாக்கிப் பார்த்தான். குனிந்துதான் இருந்தது. சரி, நாம் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் இன்னொன்று. 'ஐயாவும் கீழதான பாக்கியாரு?'

ஞானதாசனின் கண் தாழ்ந்திருந்தது. ஸ்டெனி அவசரமாக, வெட்டாத முழுப் பிரதியைத் திறந்தான். அதிலும் அப்படியேதான். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வீட்டில் பார்த்தபோது இப்படி இல்லை... இல்லவே இல்லை. ஆனால் லைக் ஏறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டத் தொல்லை இல்லாமல் படத்தை அடித்துவிடலாம் என்று கடைக்கு வந்தான். தெருவில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை, எதிரே பொன்னுலிங்கத்தின் டீக்கடையைத் தவிர. ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்தது. கறுப்பு மை தீர்ந்திருந்தது. புதிதாக ஊற்றி நிரப்பினான். பட்டனை அழுத்தினான்.

சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக்.

மெஷினின் தலை இங்கும் அங்கும் ஓட, வெள்ளை பிளக்ஸில் படம் மேலிருந்து வரிவரியாக வந்தது. முதலில் பந்தலின் ஓலை. பிறகு தலைகள். ஷைஜா போன் செய்தாள். "சோறு ஆறுது." "படம் வந்ததும் வாறேன்" என்று வைத்தான்.

நெற்றிகள் வந்தன. கண்கள் வந்தன.

எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெனி மெஷினிடம் பாய்ந்தான். நிறுத்து பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை. இடி இடித்தது. கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது.

சர்ர்ர்... டக்.

மெஷின் மட்டும் ஓடியது.

செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். ஞானதாசனின் பக்கத்தில், அவர் தோளுயரத்துக்கு, பிள்ளையோடு நின்ற பெண்ணின் முகம் வந்துகொண்டிருந்தது. நெற்றி... புருவம்... மூடிய இமை.

ரூத் கண்ணை மூடவில்லையே?

சர்ர்ர்... டக்.

மூக்கு. மூக்கில் பஞ்சு.

அது ரூத் இல்லை.

படம் முடிய வேண்டிய இடம் வந்தது. வெட்டிய இடம். மெஷின் நிற்கவில்லை. பிளக்ஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. பெட்டியின் விளிம்பு வந்தது. வெள்ளைப் பூ வந்தது.

பெட்டிக்குள் ஒரு முகம்...

ரூத்.

கண் திறந்திருந்தது.

நேராக அவனைப் பார்த்தது.

மழையில் எப்படி ஓடினான், செருப்பு எங்கே போனது, ஒன்றும் தெரியாது. பொன்னுலிங்கத்தின் கடையில் போய் விழுந்தான். கரண்ட் வந்த பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். படம் பாதியில் வெட்டியபடி, சொன்ன அளவோடு, அழகாக நின்றிருந்தது. எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை.

"நல்லாத்தானடே இருக்கு?" என்றார் பொன்னுலிங்கம்.

கறுப்பு மை மட்டும் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

அப்படியே சத்தியபாய் மாமி வீட்டுக்குப் போனான். நனைந்து நடுங்கி நின்றவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெட்டிய முறிச்சுப் போட்டியா?"

அவன் தலையை ஆட்டினான். மாமி உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய இன்னொரு படத்தைக் கொண்டு வந்தாள். கல்யாணப் படம். மாப்பிள்ளை ஞானதாசன், பொண்ணு ரூத். நேசம்மாள் செத்து வருஷம் திரும்புமுன் நடந்த கல்யாணம். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் எதுவும் இல்லை.

ரூத்தின் கண் மூடியிருந்தது.

"படக்காரன் மூணு தடவ எடுத்தானாம் மக்கா. மூணிலயும் அவளுக்குக் கண்ணு மூடித்தான் இருந்துதாம்."

"பெறவு?"

"கல்யாணம் கழிஞ்சு ஒரு மாசம் திகையல்ல, முழுசா ஆகல்ல. போயிட்டா."

அன்றைக்கே படத்தைப் பக்கத்திலிருந்து அழித்தான். கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை என்றும் சொல்லிவிட்டான். அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. "பரவால்ல சார். அதே படத்த உங்க பக்கத்திலேருந்து ஸ்ரீஜித் சார் எடுத்து வச்சிருக்காராம். அவரே அடிச்சுத் தாறாராம்."

அந்தப் பயத்திலும் ஸ்டெனிக்கு முதலில் வந்தது பொறாமைதான். என் படம், அவன் வாசல்! அது அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. போனை எடுத்தான்.

"லே ஸ்ரீஜித்து, அந்தப் படம் வேண்டாம்டே. போடணும்னா பெட்டியோட முழுசா போடு. நான் தாறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஒனக்குப் பொறாம, பிளக்ஸே."

உண்மைதானே. அதனால்தான் போனை வைத்துவிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். நேரில் போய்க் காலில் விழுந்திருக்கலாம். செய்யவில்லை. போட்டுப் பார்க்கட்டுமே என்று மனசின் ஒரு மூலை சொன்னது.

கண்காட்சி நடந்தது. வாசலில் ஆளுயரப் படம். ஸ்ரீஜித் சும்மா இருப்பானா? ஞானதாசனைப் போலவே வேட்டி கட்டி, மீசை முறுக்கி, மனைவி ரேஷ்மியை ரூத்தைப் போலவே உடுக்க வைத்து, அந்தப் படத்துக்கு முன்னால் அதே மாதிரி நின்று ஒரு படம் எடுத்துப் போட்டான். லைக் கொட்டியது. ஸ்டெனி பல் தேய்க்காமல் அதைப் பார்த்தான்.

பின்னால் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே யாரோ எழுதியிருந்தார்கள். 'சேச்சி கண்ண மூடிட்டாங்களே!'

ஸ்ரீஜித் பதில் போட்டிருந்தான். 'மூணு தடவ எடுத்தாச்சு மக்கா. மூணிலயும் மூடிட்டா.'

ஸ்டெனி கூப்பிட்டான். மணி அடித்தது. ஸ்ரீஜித் எடுக்கவில்லை. எடுக்க மாட்டான் என்று தெரிந்துதான் கூப்பிட்டான் என்று பிறகு ஷைஜாவிடம் சொல்லி அழுதான்.

மாசம் திகையவில்லை. ஒருநாள் காலையில் ஸ்ரீஜித்தின் எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது. ரேஷ்மியின் படம் ஒன்று. கீழே ஒரு செய்தி.

'ஸ்டெனி, நாளைக்கு அடக்கம். போர்டு அடிக்கணும். கல்யாண ஆல்பம், போன் எல்லாம் பாத்தாச்சு. முன்னாடி நல்லா இருந்த படம்தான்டே எல்லாம். இப்ப ஒண்ணுலகூட அவளுக்குக் கண்ணு தொறந்து இல்ல. இந்த ஜில்லாவிலயே கண்ண ஒன்னப் போல யாரும் தொறக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். தொறந்து தா மக்கா.'