கோணல் கைப்பிடிகள்

மலைநாட்டில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பாய்லர் வேலை பார்த்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் போய், சிங்களத் துரைமார் வந்துகொண்டிருந்த காலம்.

பாய்லர் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. விறகுத் தீ. அதிலிருந்து சுடுதண்ணீர் இரும்புக் குழாய் வழியாக முன்னறையில் தொடங்கி நான்கு அறைகளுக்கு வரிசையாகப் போகும். ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் விலா எலும்பு மாதிரி இரும்பு அடுக்கு ஒன்று நிற்கும். நாங்கள் அதை எலும்புக்கூடு என்போம். தண்ணீர் அதற்குள் ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டு, பாய்லருக்கே திரும்பி வரும். எலும்புக்கூட்டின் காலடியில் ஒரு பித்தளைக் கைப்பிடி. குழாயோடு நேராக இருந்தால் முழுத் திறப்பு. குறுக்கே திருப்பினால் அடைப்பு.

பாய்லர் சுவருக்கு மறுபக்கம் ஒரு சிறிய அறை. அதுதான் எங்கள் வீடு. அந்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். நெஞ்சில் சளி. குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் மனைவி பிள்ளையை வெதுவெதுப்பான அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டு வளர்த்தாள்.

புதுத் துரை வந்ததும் கோளாறு தொடங்கியது. முன்னறை அடுப்பு மாதிரி கொதித்தது. கடைசி அறை சில்லென்று கிடந்தது. அந்த அறையில்தான் துரையின் மனைவி துரைசாணியும் பிள்ளைகளும் படுத்தார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டத் தமிழ் பேசுவார்.

"என்னா இது? இங்க எனக்கு வேர்க்குது. அங்க புள்ளைங்க நடுங்குது."

"பாக்குறேங்க."

"பாரு. மாசம் முடியிற வரைக்கும் பாரு. சரி வரலேன்னா பாய்லர் வேணாம். மண்ணெண்ணெ ஹீட்டர் வாங்குறேன். நீ மலைக்கு வேலைக்குப் போ."

மலைக்குப் போவது பெரிதில்லை. முன்பு தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவன்தான். ஆனால் பாய்லர் நின்றால் சுவர் குளிர்ந்துவிடும். அந்த அறையும் போய்விடும். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் கூரைத் தகரம் ஒழுகும். மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையைச் சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.

முதலில் விறகைக் கூட்டினேன். முன்னறை இன்னும் கொதித்தது. கடைசி அறை அப்படியே இருந்தது. கூரைக்குள் ஏறி, குழாய்க்குத் தண்ணீர் விடும் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. எலும்புக்கூட்டின் தலையில் ஒரு சிறு திருகு உண்டு. உள்ளே காற்று அடைத்திருந்தால், அதைத் தளர்த்தினதும் சீறிக்கொண்டு வெளியே வரும். தளர்த்தினேன். காற்று வரவில்லை. தண்ணீர்தான் வந்தது, அதுவும் சூடே இல்லாத பச்சைத் தண்ணீர். கைப்பிடிகளைப் பார்த்தேன். நான்கும் நேராக, பளபளவென்று இருந்தன. அவற்றில் குறை இல்லை என்று விட்டுவிட்டேன்.

தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஃபிட்டர் வந்தார். அவரும் கைப்பிடிகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் திறந்துதான் இருக்கிறது என்றார். குழாயைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே துரு அடைத்திருக்கும், தரையைத் தோண்ட வேண்டும் என்றார். துரை தோண்ட விடவில்லை. மாதம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாலை நல்ல மழை. முன்னறையில் சூடு தாங்காமல் துரை கைப்பிடியைத் தானே காலால் தட்டிவிட்டார். அது பாதி திரும்பிக் கோணலாக நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா பின்கதவுக்கு வந்தாள்.

"இன்னைக்கு என்னாண்ணே செஞ்சீங்க? எங்க ரூம்பு எலும்புக்கூடு சுடுதே."

நான் ஒன்றும் செய்யவில்லை. போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடுதான். மறுநாள் காலை மறுபடி சில்லென்று இருந்தது.

முன்னறைக்குப் போனேன். பங்களா அப்பு தரையில் குந்தியிருந்தார். சமையல் அவர் கையில், வீடும் அவர் சொல்லுக்குத்தான் நடக்கும். துணியால் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி நேராக இருந்தது.

"அண்ணே, தொர நேத்து இத கோணலா வச்சிருந்தாருல்ல?"

"ஆமா. அதான் நேராக்குனேன். பங்களாவுல ஒரு சாமான் கோணலா இருக்கலாமா? மேசையில கத்தி முள்ளு நேரா, வாசல்ல தொர சப்பாத்து நேரா, இது மட்டும் நொண்டிக் கால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"முந்தி எப்படிண்ணே இருந்துச்சு?"

"வெள்ளக்காரத் தொர காலத்துல முன்னாடி உள்ள மூணும் கோணலாத்தான் கெடந்துச்சு. தொட விட மாட்டாரு. இவரு வாறாருன்னுதான் எல்லாத்தையும் தேச்சு நேராக்குனேன்."

இந்தக் கோளாறு வரும்வரை நான் வீட்டுக்குள் போகிற ஆள் இல்லை. முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது விளங்கியது. குழாயில் முதலில் வரும் மூன்றும் முழுவதும் திறந்திருந்தால் சுடுதண்ணீர் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும். கடைசி அறை வரைக்கும் போகாது. அவருக்குச் சொன்னேன்.

"அப்ப நேரா இருந்தா தப்பு, கோணலா இருந்தா சரிங்கிற. நல்ல நியாயம்டா."

"கொஞ்சம் கோணலாவே விடுங்கண்ணே."

மறுநாள் போய்ப் பார்த்தால் நான்கும் கோணல். கோடு போட்ட மாதிரி ஒரே அளவுக் கோணல். கடைசி அறை சில்லென்று கிடந்தது.

"கோணலாத்தானே கேட்ட?" என்றார்.

"கடைசி மட்டும் நேரா இருக்கணும்ண்ணே."

"மூணு ஒரு பக்கம், ஒண்ணு ஒரு பக்கமா? பாக்குறவங்க என்னைய என்னான்னு நெனப்பாங்க?"

"பாய்லர் நின்னா என் புள்ள தாங்காதுண்ணே."

அவர் துணியை மடித்தார்.

"அத மொதல்ல சொல்றதுக்கென்னா? தண்ணி, கொழாய்னு கத பேசிக்கிட்டு நிக்கிறான்."

கடைசிக் கைப்பிடியை நான் நேராக்கினேன். அதற்குப் பிறகு எதையும் அவர் திருப்பவில்லை. ஆனால் பார்க்கவும் பொறுக்கவில்லை. கோணலான மூன்றுக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டார்.

மாத முடிவில் துரை கடைசி அறைக்குப் போனார். நானும் அப்புவும் கதவருகே நின்றோம். துரை இரும்பில் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது முன்னறையில் உறையைப் பார்த்தார்.

"இது என்னா?"

"பித்தள கறுக்காம இருக்குறதுக்குங்க" என்றார் அப்பு.

துரை என்னைப் பார்த்தார். "ஹீட்டர் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அப்ப இங்கேயே இருக்கலாமாங்க?" என்றாள் மனைவி.

"இருக்கலாம்."

அவள் எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை, கட்டிலுக்கு அடியில் சாமான் மூட்டை ஒன்று இருந்தது. அதை இழுத்து அவிழ்த்துச் சட்டிகளை எடுத்து வைத்தாள். நான் விறகு பிளக்கப் போனேன்.