கரண்டியும் கயிறும்

கையில் கரண்டி இல்லாமல் ஹில்டூரை மார்ச் மாதத்தில் பார்த்தவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. தொண்ணூறு கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் அவர்கள் ஊர்க் காட்டு வழியேதான் போகும். பாதி வழியில் ஒரு கூடாரம். அதில் அண்டா நிறைய சுடச்சுட ப்ளூபெர்ரி சூப். இப்போது அது பொட்டலத்தில் பொடியாக வருகிறது. அதைச் சூப் என்று சொல்ல வாய் வருமா? அந்த நாட்களில் மாவு கரைத்து ஊற்றி, பெரிய துடுப்புக் கரண்டியைப் போட்டு விடாமல் கிண்ட வேண்டும். தாடியெல்லாம் பனி உறைந்து, மூக்கு ஒழுக, யார் பெற்ற பிள்ளைகளோ வந்து கை நீட்டுவார்கள். ஒரு கோப்பை உள்ளே போனதும் கண்ணில் உயிர் வரும், கிளம்பிவிடுவார்கள். ஹில்டூருக்கு வயிறு எரியும். பெண்களுக்குப் பந்தயத்தில் இடமில்லை. இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் சறுக்கப் போனால் கணவன் தோர்ஸ்டென் அவளுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவழியாகத் தடை நீங்கியது. அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. முழங்கால் போய்விட்ட தோர்ஸ்டெனுக்கு அந்த வருஷம் கடைசிச் சாவடியில் கயிறு பிடிக்கும் வேலை. குறித்த நேரம் ஆனதும் பாதையின் குறுக்கே கயிறு ஏறும். பிந்தி வருகிறவர்களுக்குப் பஸ்தான்.

“எனக்காகக் கொஞ்சம் மெதுவா இழுய்யா,” என்றாள் முந்தின நாள், சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்த்தபடி.

“நீ வேகமா வா. என் கைக்கு மெதுவா இழுக்கத் தெரியாது.”

“கல்நெஞ்சக்காரா! உன்னைப் போய்க் கட்டிக்கிட்டேனே.”

விடிந்ததும் பந்தயம் கிளம்பியது. முதல் மேட்டில் ஒரே நெரிசல், கோலோடு கோல் சிக்கியது. அதைத் தாண்டினால் காடு. விரல் மரத்தது, தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சறுக்கினார். இந்தக் கொடுமைக்கா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று நினைத்தாள். ஆனாலும் பைன் மரங்களுக்கு நடுவே கட்டைகள் சீரான தாளத்தில் வழுக்கியபோது, சின்னப் பெண் போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவளுடைய கூடாரம் வந்தது. தோழி மைப்ரிட் கோப்பையை நீட்டினாள். ஹில்டூர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

“என்னடி இது, கட்டி கட்டியா?”

“குடிச்சிட்டுப் போடி! நேரமாகுது.”

“மாவைப் பச்சைத்தண்ணில கரைச்சியா இல்லையா? பின்னால வர்றவங்க பாவம்டி.”

ஒரு நிமிஷம்தானே என்று கட்டைகளைக் கழற்றினாள். கரண்டியைப் பிடுங்கிக் கிண்டினாள், கட்டிகளை நசுக்கினாள். யாரோ கை நீட்டினார்கள், ஊற்றினாள். இன்னொரு கை. இன்னொன்று. பழகிய கை அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரமோ, மைப்ரிட் திரும்பிப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

“அடிப்பாவி, இன்னும் போகலையா? நெஞ்சுல நம்பர் கட்டியிருக்கேடி! ஓடு!”

அதற்கப்புறம் ஹில்டூர் சறுக்கியது போல் அந்தக் காட்டில் யாரும் சறுக்கியிருக்க மாட்டார்கள். கடைசிச் சாவடி கண்ணுக்குத் தெரிந்தது. கயிற்றோடு தோர்ஸ்டென் நின்றான். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். கயிற்றை இழுத்துக் கட்டினான்.

அவள் வந்த வேகத்தில் கயிறு நெஞ்சில் இடித்தது.

“ஹில்டூர்...”

“பேசாதே.”

பஸ்ஸில் ஈரக் கம்பளி நாற்றம். அவளுக்குச் சற்று முன்னால் வந்து அதே கயிற்றில் மாட்டிய நகரத்து ஆள் ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டே எட்டு! ரெண்டு எட்டுல நுழைஞ்சிருப்பேன். யாருய்யா அந்தக் கிழட்டுப் பிசாசு? அவனுக்கெல்லாம் வீட்டுல சோறு போடறவ எவளோ!”

“நான்தான்,” என்றாள் ஹில்டூர் பின் இருக்கையிலிருந்து. “அந்த மனுஷன் சரியாத்தான் இழுத்தாரு.”

நகரத்து ஆள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊர் வரும்வரை அடக்காமல் அழுதாள்.