ஸ்தோத்திரக் கவரில் எழுதிய காரணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வீட்டுக்காரருக்கு அது எங்கே இருக்கிறதென்று கல்யாணமான நாளாகத் தேடினேன், அகப்படவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருந்தால்கூட, "மாடு தண்ணி நெறையக் குடிச்சிருக்கும்" என்பார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் கேள்வித்தாள் திருடினார் என்றார்கள்.

அவர் ஆனையூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். அரையாண்டுத் தேர்வின்போது கேள்வித்தாள் வெளியே போய்விட்டது. "இவர் கேள்வித்தாள் கட்டைப் பிரிச்சதை என் கண்ணால பாத்தேன்" என்று விசாரணையில் ஒருவர் சொன்னார். அதே பள்ளியில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். அந்த ஒரு பொய்யில் இவரை உசிலம்பட்டிப் பக்கம் தூக்கியடித்தார்கள். தினம் இரண்டு பஸ் மாறிப் போனார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆராதனையில் வேதபாடம் வாசிக்க இவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்களே, அதுதான் அவரை அரித்தது. சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்துப் பழகுகிறவர், இப்போது சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது.

"ஆண்டவர் பாத்துக்குவாரு" என்பார்.

"எப்பப் பாப்பாராம்? நாலு வருசமா பாத்துக்கிட்டேதான இருக்காரு!"

"ஒன்னையும் சேத்துத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. சோத்தப் போடு."

குடும்ப ஜெபத்தில் அந்த ஆளுக்கு நல்ல சுகம் கொடும் என்று கேட்பார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஜெபம் செய்வேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

போன மழைக்காலத்தில் அந்த ஆளுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு நின்றுவிட்டது. பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர் போன் போட்டார்.

"பாத்தியா, பொய் சொன்ன வாயையே கட்டிட்டாரு ஆண்டவர். தெய்வம் நின்று கொல்லும்னு சும்மாவா சொன்னாங்க!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், அன்றைக்குக் கேசரி கிண்டினேன். கேசரியோடு விட்டேனா? பிறந்தநாள், கல்யாணநாள், சுகமானது என்று எங்கள் கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவோம். கவரின் மேல் காரணம் எழுத வேண்டும், போதகர் ஐயர் அதை மைக்கில் வாசிப்பார். "எங்களுக்கு நியாயம் செய்த கர்த்தருக்கு" என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். துண்டு எடுக்க அறைக்குள் வந்த என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அவர் கோபத்தைப் பார்த்தேன். கவரை நாலாகக் கிழித்தார்.

"அறிவிருக்கா ஒனக்கு? அம்புட்டுப் பேரு முன்னாடி என்னையத் திருடன்னு சொன்ன வாய்டி அது. அது பொய்னு அந்த வாய்தான சொல்லணும்? அந்தாளு பேசாமலே போய்ட்டா, சாகுற வரைக்கும் நான் திருடன்தான். இதுக்கு ஸ்தோத்திரம் வேறயா?"

சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். நாலு வருஷமாக அவருடைய பொறுமையை அசட்டுத்தனம் என்றே நினைத்திருந்தேன். அந்த ஆள் மனம் மாறி வாயைத் திறக்கும் நாளுக்காக மனிதர் காத்திருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாவி மனுஷன், ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். அன்று ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, அந்த ஆளுக்குப் பேச்சைக் கொடும்" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். என் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட அப்படி உருகினதில்லை.

மறுவாரம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அந்த ஆள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக ஊட்டி, கடைவாயில் வழிந்ததைத் துடைத்தார். அந்த ஆளின் கண்ணில் தண்ணீர் ஓடிற்று. வாய் என்னவோ சொல்லப் பார்த்தது. காற்றுதான் வந்தது.

"அவசரமில்லண்ணே, மெதுவா" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து போர்வையைச் சரிசெய்தேன்.

"நல்லாச் சாப்பிடுங்கண்ணே. நாளைக்கும் கஞ்சி கொண்டு வாரேன். அவருக்கு அவசரமில்ல, எனக்கு இருக்கு."