பொன்மணி அக்கா கேட்ட நாலரை மணி பஸ்

பொன்மணி அக்கா சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐந்து வருடமும் அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான். மயிலாப்பூர்க்காரன், தமிழ் எம்.ஏ., எதுகை மோனை கண்ணில் பட்டால் விடமாட்டேன். அதனால் வந்த வினையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்கா பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். பதினாறு வயதிலிருந்து அடையாறில் வீட்டு வேலை. தண்ணீர் லாரி வராத ஒரு கோடையில் காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்தவரை, வட்டச் செயலாளர் கையோடு கட்சிக்கு அழைத்துக்கொண்டார். மகளிரணி, கவுன்சிலர், பிறகு எம்.எல்.ஏ. அதற்குள் ஆற்றோரத்தைக் காலி செய்து, அங்கிருந்தவர்களை முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிகளில் குடியேற்றிவிட்டார்கள். அக்காவின் பழைய பக்கத்து வீட்டுக்காரி தேவானையும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

வேலை மட்டும் அடையாறிலேயே இருந்தது. குடியிருப்பிலிருந்து முதல் பேருந்து ஆறு மணிக்கு. வீட்டுக்காரர்களுக்கோ ஆறரைக்கெல்லாம் ஆள் வந்தாக வேண்டும். தேவானை பார்த்துவந்த நான்கு வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின.

"நாலரைக்கு ஒரு பஸ் வுட்டா போதும் பொன்னு. இருக்கற ரெண்டு வூடாவது நிக்கும்" என்று அலுவலகத்துக்கே வந்து சொன்னார்.

குடியிருப்பு இருந்தது வேறு தொகுதி. அங்கே அக்காவுக்கு ஒரு ஓட்டும் கிடையாது. கட்சிக்காரர்கள் அதை எடுத்துச் சொன்னார்கள்.

"ஓட்டு அங்க கீது. வேலை இங்கதான கீது?" என்றார் அக்கா.

போக்குவரத்து மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்கு எட்டு நிமிடம் கிடைத்தது. முதல் பேச்சு. எழுந்ததும் கட்சித் தலைவரைப் புகழ்வது எங்கள் அவை வழக்கம். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. நான் சும்மா விடுவேனா? மூன்று பக்கம் புகழ்ந்து தள்ளிவிட்டு, பேருந்தை நான்காம் பக்கத்தில் வைத்தேன். வாசித்துப் பார்த்தோம், ஏழரை நிமிடம் வந்தது. மேசை தட்டுவார்களே, அந்த நேரத்தைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வரிக்கு வரி தட்டினார்கள். அக்கா ஒவ்வொரு தட்டலுக்கும் நின்று, சிரித்து, பிறகு தொடர்ந்தார். நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது மணி அடித்துவிட்டது. "உறுப்பினர் அமரலாம்" என்றார் பேரவைத் தலைவர். "பஸ்ஸு..." என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் மைக் நின்றுபோனது.

மாலையில் தேவானை போன் செய்தார். "டிவில எல்லாரும் ஒண்ணா குந்தி பாத்தோம் பொன்னு. சூப்பரா பேசுன. பஸ்ஸ எப்ப கேப்ப?"

அக்கா என்னைத் திட்டவில்லை. "நானும்தான் மயங்கிட்டேன் அசோகா. தட்டத் தட்ட குஷியாயிடுச்சு" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாய்ப்பு வரப் பதினோரு மாதம் ஆனது. இதற்குள் தேவானைக்கு மூன்றாவது வீடும் போய்விட்டது. இந்த முறை கேள்வி நேரத்தில் ஒரே ஒரு துணைக்கேள்வி. நான் பேனாவை எடுத்தேன். "நீ சும்மா இரு" என்றார் அக்கா.

அவையில் எழுந்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, ஆற்றோரத்து மக்களைக் குடிவச்ச எடத்துலேர்ந்து அடையாறுக்குக் காலையில நாலரைக்கு ஒரு பஸ் வேணும். அமைச்சர் விடுவாரா?" உட்கார்ந்துவிட்டார்.

தட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. புகழ்ச்சி முடிவதற்குள் காகிதத்தைத் தேடிக்கொள்ளலாம் என்றிருந்த அமைச்சர் அவசரமாக எழுந்தார். "உறுப்பினர் முடித்துவிட்டாரா?" என்று பேரவைத் தலைவரே கேட்டார்.

"முடிச்சிட்டேங்க."

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு, அந்த மாதமே விடுவதாக வாக்குக் கொடுத்தார்.

தலைவர் பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்ததைக் கட்சியில் சிலர் மறக்கவில்லை. அடுத்த தேர்தலில் அக்காவுக்குச் சீட்டு இல்லை. அதுதான் காரணமா என்று தெரியாது, ஆனால் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அவருக்கு அதெல்லாம் இல்லை. திருவான்மியூரில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். எந்த மனுவும் நாலு வரி தாண்டாது. நான் புலம்பும்போதெல்லாம் அந்தப் பேருந்து வந்த முதல் நாளைத்தான் பேச்சில் இழுப்பார்.

அன்று நாங்களும் அதில் ஏறினோம். மாலை, மைக் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டி நிறையப் பெண்கள், பாதிப்பேர் தூக்கத்தில். தேவானைக்கு, விட்டுப்போன வீடுகளில் ஒன்று திரும்பக் கிடைத்திருந்தது. அடையாறு வந்ததும் பையை இடுக்கிக்கொண்டு இறங்கியவர், எங்கள் பக்கம் திரும்பாமலே விறுவிறுவென்று நடந்தார். மணி ஐந்து ஐம்பது.

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்க்கா. அவ்ளோ லேட்டாயிடுச்சா?" என்றேன்.

"லேட்டா?" அக்காவின் கண் நிறைந்திருந்தது. "நேரத்துக்குப் போறா அசோகா, பாரு."