பறவைகள் போன பிறகு பேசினேன்

வேலைக்குப் போனால் வாயைத் திறக்கக்கூடாது. அமெரிக்காவில் எனக்கு வாய்த்த வேலை அப்படி. காட்டில் விடுவதற்காகப் பண்ணையில் முட்டை பொரிக்கவைத்து வளர்க்கும் பெருங்கொக்குக் குஞ்சுகள் மனிதக் குரலுக்கும் முகத்துக்கும் பழகிவிடக்கூடாதாம். அதனால் உடம்பு முழுக்க வெள்ளை அங்கி, முகத்தை மூடும் முக்காடு. குளிருக்குத் தெற்கே போகும் வழியைக் காட்ட அவற்றுக்குத் தாய்ப்பறவை இல்லை. ஓர் ஆள் உட்காரும் குட்டி விமானம் முன்னே பறக்கும், குஞ்சுகள் அதை நம்பிப் பின்தொடரும். நாங்கள் சிலர் வண்டியில் போவோம். வழியிலுள்ள வயல்களில் தங்குவோம்.

அன்று ஒரு சோளக்கொல்லை. குஞ்சுகளைக் கூண்டில் அடைத்துவிட்டு, கிடங்கோரம் முக்காட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்தேன். கொல்லைக்காரர் வந்தார்.

"எங்கிருந்து வருகிறாய்?"

காலையில் கிளம்பிய ஊரைச் சொன்னேன்.

"அதில்லை. நிஜமாகவே எங்கிருந்து?"

"விருத்தாசலம்" என்றேன். அவர் போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர் என் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். பல வாரமாக என்னோடு சமைத்துச் சாப்பிட்ட விமானி, "மனதில் வைக்காதே, நல்ல மனிதர். வருடா வருடம் பறவைகளுக்கு இடம் தருகிறார்" என்றார். பறவைகளுக்கு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரவு சாப்பிட்டதும் அண்ணனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே காலை நேரம்.

"கொக்குக்கு எடம் குடுக்குறான், ஒன்கிட்ட பேப்பர் கேக்குறானா? மானங்கெட்ட பொழப்பு. கெளம்பி வந்துடு பாப்பா" என்று கொதித்தார். என் எரிச்சல் கொஞ்சம் ஆறியது. அடுத்த மூச்சிலேயே, "இங்க மட்டும் என்னா வாழுது? எங்க பாத்தாலும் வடக்கத்தியானுங்க. நம்ம பட்டறையிலயே எட்டுப் பேரு இருக்கானுங்க. அடிச்சி வெரட்டணும்" என்றார்.

"அவங்க பேரு என்னாண்ணே?"

"எவனுக்குத் தெரியும்? பையான்னு கூப்ட்டா வரானுங்க."

போனை வைத்துவிட்டேன்.

காலையில் விமானம் கிளம்பியது. கூண்டைத் திறந்தேன். கொல்லைக்காரர் வேலியோரம் வந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். அங்கிக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசிக் குஞ்சும் மரங்களுக்கு அப்பால் மறைந்ததும் முக்காட்டைப் பிடுங்கி எறிந்தேன். அவர் ஆட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"ஏன்யா, மொதல்ல ஒரு மனுசியோட பேரக் கேக்கத் தோணாதா? வேலைக்கு மட்டும் ஆளு வேணும், மொவரைய மட்டும் ஆவாதா?" என்று தமிழில் கத்தினேன்.

அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்திருக்கக்கூடியவர் அந்நேரம் விருத்தாசலத்தில் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்திருப்பார்.