மாமியாருக்கு லீவு உண்டா?

மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஓர் ஆண் லீவு கேட்டால் நீங்கள் நம்புவீர்களா?

நான் நம்பவில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் முகர்ந்து பார்க்கிற ஆள் நான்.

போன வாரம் எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நிஜாம் வந்து நின்றார். மாமியாருக்குப் புற்றுநோய். புதுச்சேரியில் தங்கி தினமும் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். மனைவியிடம் கைக்குழந்தை. கூடப் போக வேறு ஆள் இல்லை. மூன்று வாரமாவது லீவு வேண்டும்.

"மாமியாருக்கா?" என்றார் மேனேஜர். அந்த 'கா'வை அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே...

நிஜாம் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார். "விசா வந்திருக்கும் மேடம். சென்னையில இன்டர்வியூ, மெடிக்கல்னு சுத்திட்டு, ஒருநாள் துபாய்லேர்ந்து போன் பண்ணுவான் பாருங்க."

காரைக்காலில் நடக்காத கதை இல்லை இது. யார் நீளமாக லீவு கேட்டாலும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது விமான டிக்கெட்தான்.

"நீங்க லேடீஸ். நலம் விசாரிக்கிற மாதிரி வீட்டுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்றார். துப்பறியும் வேலை! எனக்குக் கசக்குமா? அன்று சாயங்காலமே போய்விட்டேன்.

கூடத்தில் கால் வைத்ததும் கண்ணில் பட்டது திறந்து கிடந்த ஒரு பெரிய சூட்கேஸ். புத்தம் புதுசு. ஆஹா, மாட்டிக்கொண்டார்! ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தேன். ஃபிளாஸ்க், வெந்நீர்ப் பை, தலையணை உறை, நாலைந்து நைட்டி... துபாய்க்கு எந்த ஆம்பிளை நைட்டி கொண்டு போகிறார்?

நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகத்தில் எனக்கு அக்கா போலிருக்கிறது.

"ஆபீஸ்லேர்ந்தா வர்றீங்க? மாப்புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"உண்மையச் சொல்லிடுங்கம்மா. வேலை போயிடும்னா எனக்குக் கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அல்லா விட்ட வழின்னு இங்கேயே கெடக்குறேன்."

"மாமி, சும்மா இருங்க" என்றார் நிஜாம். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

இங்கே பல முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நிஜாம் இந்த வீட்டுக்கு வந்து பல வருஷம். அவருக்கு தினமும் சோறு போடுவது இந்த அம்மாதான். இது ஊருக்கே தெரியும். ரூல் புத்தகத்துக்குத் தெரிய வேண்டாமா?

மறுநாள் நோய் நிஜம்தான் என்று சொன்னேன். மேனேஜர் நிஜாமைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத்தான் விரித்தார். குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர்.

"போன வருஷம் என் மாமியார் ஆபரேஷனுக்கு லீவு குடுத்தீங்களே சார்?"

"நீங்க பெண் ஊழியர். உங்களுக்கு மாமியாரும் குடும்பம்தான். ரூலே அப்படித்தான் மேடம்."

அடேங்கப்பா! என் மாமியார் எனக்குக் குடும்பம். நிஜாமின் மாமியார் அவருக்கு யாரோ. இந்த ரூலை எழுதியவர் நிச்சயம் யாருக்கோ மருமகனாகத்தான் இருக்க வேண்டும்.

மேனேஜர் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். "உங்க அம்மாவுக்குன்னு எழுதிக் குடுங்க நிஜாம். இப்பவே சாங்ஷன்."

"உம்மா நல்லா இருக்காங்க சார். அவங்களுக்கு நோவுன்னு எழுத எனக்குக் கை வரல."

எங்கள் ஆபீஸில் மாங்கனித் திருவிழா வந்தால் போதும், அத்தனை பேருடைய அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும். மேனேஜரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். உண்மையைச் சொன்ன ஒருத்தருக்குத்தான் வீடு வரை உளவு! அதற்குப் போனவளும் நான்தான் என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது என் சந்தேகம் மேனேஜர் பக்கம் திரும்பியது. "ஏன் சார், இவர் லீவே எடுக்கிறதில்லையே. சேர்த்து வெச்சிருக்கிற ஈ.எல். எல்லாம் என்னாச்சு?"

அவர் ஃபேனைப் பார்த்தார்.

"இருக்கு."

"ஈ.எல். போட்டா யாருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லவே வேணாமே?"

"அவர் கேக்கலையே மேடம்."

கேட்கவில்லையாம்! உழைத்துச் சேர்த்த லீவு. இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஒரு மனிதர் கேட்பார்? தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

நான் அங்கேயே நின்றேன். கையெழுத்து விழுந்த பிறகுதான் நகர்ந்தேன். மறுநாள் விடியற்காலையில் மாமியும் மாப்பிள்ளையும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்கள்.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் மேனேஜர் என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம்... மாமியாருக்கு இவ்வளவு செய்யறானே, அந்த வீடு இப்ப யார் பேர்ல இருக்கு?"

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "அது இருக்கட்டும் சார். குரும்பகரத்துல உங்க மாமியார் எப்படி இருக்காங்க?"

குரும்பகரம் ஒன்றும் தூரதேசம் இல்லை, பைக்கை எடுத்தால் போய் வந்துவிடலாம். குனிந்திருந்த மேனேஜர் நிமிர்ந்தார்.

"தெரியலையே மேடம்... வீட்ல கேட்டுச் சொல்றேன்."