நாத்தனாரின் கைப்பை

இன்று சங்ககிரி சர்ச்சில் ஞாயிறு பூசை. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

கடைசி பெஞ்சில் ஒரே ஓர் இடம். அதில் ஒரு கைப்பை.

"ஏனுங்க, பையைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்றேன், பக்கத்திலிருந்த அம்மாவிடம்.

"எங்க நாத்தனா வாராங்க. நீங்க எந்த அன்பியக் குழுங்க?" அன்பியம் என்றால், பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு.

"ஊருக்குப் புதுசுங்க. இன்னும் எதுலயும் சேரலீங்க."

"அப்பப் பின்னால நில்லுங்க."

நின்றேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். நாத்தனார் கடைசிவரை வரவில்லை.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அந்த அம்மா திரும்பி, வாயெல்லாம் பல்லாகக் கைகூப்பினார்.

நான் பையைப் பார்த்துக் கும்பிட்டு, "சமாதானம்" என்றேன். பூசை முழுக்க உட்கார்ந்திருந்தது அதுதானே!

உங்கள் கோயிலில் கைப்பைகள் எந்த அன்பியம்? சொல்லுங்கள், நானும் பெயர் கொடுக்கிறேன்.